ஜன்னலை அந்த உயரத்திலேயே விடச் சொன்னேன்

லீட்ஸ்,
ஏப்ரல் 24

அன்பு மகள் ரோவெனாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஃபின்னும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், வெலிங்டனில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைக்குக் காதை மூடிவிடு. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேறென்ன சுகம் வேண்டும் எனக்கு. அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. நீ வந்து அடக்கம் முடித்துத் திரும்பியபோது, வீட்டுக்குப் பின்னால் நாம் கட்டவிருந்த பின்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வேலை ஆரம்பித்துவிட்டது. நீ வரைந்து அனுப்பிய அதே படம்தான், கண்ணாடிக் கூரை, படியில்லாத குளியலறை, கட்டில் போட ஓர் அறை. அம்மாவின் முழங்கால் மாடி ஏற விடவில்லை என்றுதானே வரைந்தாய். நான்தான் நூற்றிருபது வருஷத்து வீட்டின் முதுகில் கண்ணாடிப் பெட்டியா என்று தாம்தூம் என்று குதித்தேன், சுவரின் நிறத்துக்குப் பொருந்துகிற பழைய செங்கல்தான் வேண்டும் என்று வேறு படம் போடவைத்து, இடித்துக்கொண்டிருந்த பழைய ஆலைகளுக்கெல்லாம் செங்கல் தேடி அலைந்தேன். ஒன்று கறுப்பாக இருந்தது, ஒன்று அரை விரற்கடை பெரிதாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரை ஒட்டிக் கட்டச் சம்மதம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டு டோரீன், "செங்கல்லுக்கு இவ்வளவு பொருத்தம் பாக்கிறியே கிளிஃப், ஐவியக் கல்யாணம் கட்டும்போதுகூட இப்படிப் பாக்கலையே" என்றாள். அம்மா அடுப்படியில் நின்று சிரித்தாள். அப்போது அவளுக்கு முன்னறை சோபாவில்தான் படுக்கை, பாத்திரம் கழுவுகிற தொட்டியில்தான் உடம்பு துடைத்துக்கொள்வது.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன வருஷம் ஜூனில், பழைய தெருக்களைக் கவனிக்கிற நகரசபை அதிகாரி என் படத்தைத் திருப்பி அனுப்பினார். பழசைப் பார்த்துச் செய்த நகல் வேண்டாம், புதுசு புதுசாகவே இருக்கட்டும், பழைய சுவர் கண்ணாடி வழியே தெரியட்டும் என்று எழுதியிருந்தார். நீ சொன்னதேதான், வார்த்தைகூட மாறவில்லை. மகளிடம் தோற்றுப்போனேன் என்று எனக்கு ரோஷம் வந்தது. கடிதத்தை இழுப்பறையில் ஒளித்துவிட்டு, இன்னும் பதில் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். நவம்பர் வரை சொன்னேன். அவள், "அவங்களும் பாவம், எத்தனை வீடு பாக்கணும்" என்றாள். அதன் பிறகுதான் உன் படத்தை அனுப்பினேன், வேலை தொடங்குமுன் அவள் போய்விட்டாள். ஜூனிலேயே உன் படத்தை எடுத்திருந்தால் கிறிஸ்துமஸுக்கு அவள் அந்த அறையில் படுத்திருப்பாள். மன்னிக்கச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று மேஸ்திரி பாரி கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். ஜன்னல் முழங்கால் உயரத்திலேயே தொடங்குகிறது, "இது என்ன கணக்குங்க, ரெண்டடி ஏத்திடட்டுமா, கீழ மேஜை போடலாம்" என்றார். எனக்கும் புரியவில்லை. அவர் டீ குடிக்கப் போன பிறகு, நான் சேர்த்துவைத்த பழைய செங்கல்லைக் கட்டில் உயரத்துக்கு அடுக்கி, பலகை போட்டுப் படுத்துப் பார்த்தேன். தலையைத் தூக்காமலே அம்மாவின் பேரிக்காய் மரம் அடியிலிருந்து நுனிவரை தெரிந்தது. பூத்திருக்கிறது. பாரி திரும்பி வந்து பார்த்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். ஜன்னலை அப்படியே விடச் சொல்லிவிட்டேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், ஃபின்னுக்கு என் முத்தம். காது மூடுவதை மறக்காதே. ஒரு வரி எழுதம்மா, திட்டியாவது எழுது.

உன் அப்பா,
கிளிஃபர்ட்