திரைக்குப் பின்னால் பார்த்த படம்

நுவரெலியா
12.6.1957

அன்புள்ள சண்முகவடிவுக்கு,

நான் சுகம். ஊரில் நீயும் அம்மாவும் பிள்ளையும் சுகந்தானா? உங்களை இங்கே அழைத்துக்கொள்ளக் கேட்ட விசா விஷயம் அப்படியேதான் கிடக்கிறது.

நான் வேலை பார்க்கும் துரைமார் கிளப்பில் போன வாரம் திரைப்பட விழா நடந்தது. பாட்டும் சண்டையும் இல்லாத வெளிநாட்டுப் படங்கள். வேலைக்காரர்கள் நாங்கள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். ஒரு படத்தில், கப்பலேறிப் போன புருஷனுக்காக ஒருத்தி தினமும் ரொட்டி சுட்டு வைக்கிறாள். பாஷை புரியவில்லை. ஆனால் உன்னைப் போலவே எல்லா வேலையையும் இடதுகையால் செய்தாள்.

மறுநாளும் அதே படம். கூட்டம் குறைவு. "கந்தப்பா, முன்னுக்கு வந்து உக்காந்து பாருப்பா" என்றார் கிளப்பில் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயா. போய் உட்கார்ந்தேன். அவள் வலதுகைக்காரி. பின்னாலிருந்து பார்த்தால் திரையில் இடமும் வலமும் மாறித் தெரியுமாம்.

"கோப்பை கழுவணுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொஞ்சம் மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்பு. தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன். இனிமேல் உன் தம்பியைக் கொண்டு கடிதம் எழுதவேண்டாம். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நீயே எழுது. அந்தக் கையாலேயே எழுது.

கந்தப்பன்