பதினெட்டு நாளில் காலம் கடந்துவிடும் ஒரு கோப்பு பற்றி

அனுப்புநர்:
மனு எழுத்தர்,
இரண்டாவது மேசை, படிக்கட்டின் இடப்பக்கம்,
பதிவு அலுவலக வாசல்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வெளிநாடு கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளை மீட்கும் பிரிவு.

பொருள்: தந்தையால் வெளிநாட்டில் நிறுத்திவைக்கப்பட்டுள்ள என் ஆறு வயது மகளைத் திரும்ப அழைத்துவரும் கோப்பை உடனே அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாகப் பிறருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்தக் கட்டடத்துக்கு மட்டும் என் கையெழுத்தில் நூறு மனுக்களாவது வந்திருக்கும். எனக்காக நான் எழுதும் மனு இது ஒன்றுதான்.

2. ஏ.சி. மெக்கானிக்கான என் கணவர் சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், வீட்டில் பட்டாணி என்று அழைக்கப்படும் எங்கள் மகளை, வெளிநாட்டிலுள்ள தம் அக்கா வீட்டுக்கு மூன்று வாரத்துக்கென்று அழைத்துச் சென்றார். பள்ளி திறந்த மூன்றாம் தேதி இருவரும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "இங்கயே ஸ்கூல்ல சேத்துட்டேன். வேணும்னா நீ வந்து பாத்துட்டுப் போ" என்றார். பெற்றவளை விருந்தாளி ஆக்கிவிட்டார்.

3. தாயின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் விமானம் ஏற விடமாட்டார்கள் என்பதால், அதை நானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். திரும்பும் தேதியை டிக்கெட் உறுதியானதும் நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார். அந்த இடத்தைக் காலியாக விட்டேன். என் மேசைக்கு வரும் யாரையும் காலி இடத்தில் கோடு கிழிக்காமல் நான் அனுப்பியதில்லை. கட்டிய கணவரிடம் போய் என்ன கறார் என்று இருந்துவிட்டேன். இந்த முட்டாள்தனத்தை நான் மறைக்கவில்லை. அது கோப்பின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

4. பத்து மாதங்களுக்கு முன் விண்ணப்பித்தேன். முதல்முறை புகைப்பட அளவு சரியில்லை என்று கோப்பு திரும்பியது. அடுத்த முறை மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை என்று. மூன்றாம் முறை பிரிவு எழுத்தர் ஏழாம் பக்கத்தைக் காட்டி, தேதியில்லாத ஒப்புதல் நிரந்தர ஒப்புதலாகும் என்றார். "அப்பாகிட்டதானேம்மா இருக்கு, இதையா கடத்தல்னு சொல்றீங்க?" என்றும் கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்.

5. பயணத்துக்கு முன் என் கணவர் பள்ளிக்குக் கொடுத்த விடுப்புக் கடிதத்தை வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டுடன் பத்திரமாக வைத்திருந்தார். சான்றொப்பமிட்ட நகலை இணைத்துள்ளேன். "மூன்றாம் தேதி வகுப்புக்கு வந்துவிடுவாள்" என்று என் கணவர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். ஐந்தாம் தேதிக்கு இங்கே அவளுக்காகப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியவரும் அவரே. அவர் மனதில் என்ன இருந்ததோ, நான் சம்மதித்தது மூன்று வாரத்துக்கு மட்டுமே.

6. தாங்கள் அறிந்ததே: ஓராண்டுக்குள் அந்நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கிவிட்டால் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கேட்பது எளிது. அதற்குப் பிறகு, அவள் அங்கே வேரூன்றிவிட்டாள் என்று அவர்கள் வாதாட இடமுண்டு. மீதமிருப்பது பதினெட்டு நாள்.

7. மகளை என்னிடமே ஒப்படையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் யாரிடம் வளர வேண்டும் என்பதை இங்குள்ள நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். என் கணவர் நல்ல தகப்பன்தான். அவரும் வந்து அதை அந்த நீதிமன்றத்தில் சொல்லட்டும். அவளுடைய பள்ளி, தோழிகள், எல்லாம் இங்கே இருக்க, அவர் ஒருவராகவே முடிவெடுத்தது தவறு.

8. சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, நம்ம வீட்டுக்கு மாடிப்படி இருக்கா?" நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. ஐம்பத்திரண்டு படிகளையும் தினமும் சத்தமாக எண்ணி ஏறியவள் அவள். இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அழைப்பு முடிந்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

9. ஆகவே, வரும் வியாழக்கிழமைக்குள் கோப்பை அந்நாட்டு அலுவலகத்துக்கு அனுப்ப ஆணையிடுமாறு வேண்டுகிறேன். எந்தத் தாள் குறைந்தாலும் கூப்பிடுங்கள். இரண்டு நகல் கையோடு வைத்திருக்கிறேன். பதில் வராத மனுவுக்கு நினைவூட்டல் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த மனுவுக்கு நினைவூட்டல் எழுத நாளில்லை. கோப்பு அனுப்பிய எண் என் கைக்கு வரும்வரை, தங்கள் அறை வாசலிலுள்ள பெஞ்சைவிட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாள்: பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை

காத்திருக்கும்,
(ஒப்பம்)
பட்டாணியின் அம்மா