நடுவில் அளந்துவிட்டேன்

நவ. 3, திங்கள்
விடாத மழை. குப்பனூர் ரோடு, ஏற்காடு மலைப்பாதை இரண்டிலும் மண் சரிவு, சேலம் இறங்க வழியில்லை. நாளை மறுநாள் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். வீடியோவில் வரலாமாம். எங்கள் கொட்டச்சேட்டில் சிக்னல் எங்கே?
அம்மாவுக்கு நிம்மதி. "ரோடே இல்லைங்கறப்ப என்ன பண்றது கண்ணு? வியாழக்கிழமை மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஏற்காட்டுல இருந்து வர்றாங்க. அதப் பாரு."

நவ. 4, செவ்வாய்
வீடு முழுக்க ஈரத்துணி வாசனை. நாளை காட்ட வேண்டிய குவாண்டம் கணினி புரோகிராம் தப்பு. 00-இல் தொடங்கி, இரண்டு க்யூபிட்களை, அதாவது அந்தக் கணினியின் பிட்களை, ஒன்றோடொன்று பிணைத்து, அதே படிகளைப் பின்னோக்கிச் செய்தால் எப்போதும் 00 வர வேண்டும். பாதிக்குப் பாதி 10 வருகிறது.
மாலையில் பிடிபட்டது. பிணைப்பு சரியா என்று பார்க்க, நடுவில் முதல் க்யூபிட்டை மட்டும் அளந்திருந்தேன். அந்த வரியை எடுக்க மறந்திருக்கிறேன். இரண்டாவதைத் தொடவேயில்லை. ஆனாலும் முதலாவது 0 என்றானால் அதுவும் 0, 1 என்றால் 1. அதோடு பிணைப்பு போயிற்று. பிறகு பின்னோக்கி ஓட்டி என்ன பயன்.
வரியை நீக்கினேன். எல்லாம் 00! கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம்? அம்மா பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நவ. 5, புதன்
எஸ்டேட் ஜீப்பில் ஏற்காடு. அம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். ஜெராக்ஸ் கடை நூர்ஜஹான் அக்கா உள்ளே ஸ்டூல் போட்டுத் தந்தார். வந்தவர்களிடம், "புள்ள பரீட்சையில இருக்குதுங்க, சித்த பொறுங்க."
வீடியோவில் பேராசிரியர் கேட்டார்: "ஒன்றை அளந்தால் மற்றது தெரிந்துவிடும். அதை வைத்துத் தூரத்தில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பலாமே?"
"முடியாதுங்க சார். 0 வருமா 1 வருமாங்கறது நம்ம கையில இல்லைங்க. அவருக்கும் ஏதோ ஒண்ணு வரும், அவ்வளவுதான். அப்புறமா போன் பண்ணி ரெண்டையும் ஒத்துப்பாத்தாத்தான் பொருந்துறதே தெரியும்."
தலையாட்டினார். கிளம்புவதற்குள் மெயில். இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேர வேண்டும். அக்கா மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார். வீட்டில் சொல்லவில்லை.

நவ. 6, வியாழன்
வந்தார்கள். மாப்பிள்ளை சாதுவாகத்தான் தெரிந்தார். அவர் அம்மா: "இனிப் படிப்பெல்லாம் எதுக்குங்க? ஊட்டுல இருந்தாப் போதும்." அப்பா சிரித்து வைத்தார். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில், இறுக்கமாக.
"ஏனுங்க, எனக்குச் சேலத்துல இடம் கெடச்சிருக்குதுங்க. ஜனவரியில சேரப் போறேன்." என் குரல்தானா அது?
காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்கள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா ஆறிய காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தார். பிறகு, "எத்தனை வருசம் கண்ணு?"
"அஞ்சுங்கப்பா."
சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா: "ஹாஸ்டல்ல தனி ரூமான்னு கேளுங்க."