யஸ்த் நகரத்தில் அம்மாவுக்குக் கிடைத்த இனிப்பு

ஹம்பேர்க்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மிதுசாவுக்கு,

இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. வன்கூவரில் உன் சுகத்தை நல்லூர் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா போன பிறகு நீ என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய், அண்டைக்குக் காலமை எனக்கு ஏனப்பா போன் எடுக்கேல்லை என்று. நானும் மழை, பனி, பக்கத்து வீட்டு டக்ளஸ் அண்ணையின் சீனி வருத்தம் என்று கதையை மாற்றிவிடுவேன். போனில் என் வாய் அப்படித்தான். அதனால் பேனை பிடித்திருக்கிறேன். ஓ.எல். சோதனையில் தமிழை இரண்டு தரம் கோட்டை விட்டவனின் எழுத்து, பிழை பார்க்காதே.

ஈரானுக்குத் தனியாகப் போனதற்கு நீ ஏசினாய். அது அம்மாவும் நானும் சேர்ந்து போவதாக இருந்த பயணம். யஸ்த் நகரத்து வீட்டுக் கூரைகளில் காற்றுப் பிடிக்கிற கோபுரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கரண்டில்லாமல் வீட்டைக் குளிராக்கினம், போய்ப் பாப்பமப்பா என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். பாலைவனத்து ஊர், மண் சுவர், மண் ஒழுங்கை, எல்லாம் ஒரே நிறம். முதல்நாள் வழி தவறி ஒரே கதவடிக்கு மூன்று தரம் வந்தேன், மூன்றாம் தரம் அந்த வீட்டுக்காரர் உள்ளே வந்து இருக்கச் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே, முந்தி இறந்தவர்களைக் கழுகுகளுக்கு வைத்த மலைக்கோபுரத்தில் மூச்சிரைக்க ஏறினேன். இப்போது அங்கே வெறும் கல்வட்டமும் காற்றும்தான். பார்த்ததைச் சொல்ல ஆளில்லாமல் முழங்காலோடு கதைத்துக்கொண்டு இறங்கினேன்.

தங்கின இடத்துக்குப் பக்கத்தில் பர்வானே என்கிற மனுசியின் இனிப்புக் கடை. இங்கே கொலோனில் தமையனோடு சில காலம் இருந்தவராம், என்னைப் போலவே உடைந்த டொச்சுப் பாசை. தனியவோ வந்தனீங்கள் என்று கேட்டார். இல்லை, மனுசி அறையில படுத்திருக்கிறா, கால் நோ என்று என் வாய் சொல்லிவிட்டது. ஏனென்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து அம்மாவுக்கென்று தனிப் பொட்டலம், பாதாமும் ஏலக்காயும் போட்டது. இரண்டு பங்கையும் நானே தின்றேன். அவவுக்குப் பிடிச்சுதோ என்று கேட்டால், பிஸ்தா போட்டதுதான் கூடப் பிடிச்சுதாம் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். கடைசியில் ஒருநாள் அவர் கடையைப் பூட்டிவிட்டு, மூலிகைத் தேத்தண்ணிப் போத்தலோடு நோயாளியைப் பார்க்க என்னோடு வந்துவிட்டார். அறை வாசலில் திறப்போடு நின்றேன், திறக்க ஏலவில்லை. என்ர மனுசி செத்துப்போனா என்றேன். பிள்ளை, அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். உனக்கே டக்ளஸ் அண்ணைதானே சொன்னவர். பர்வானே ஏசவில்லை, படியில் குந்தியிருந்து தேத்தண்ணியை எனக்கு ஊற்றித் தந்தார். பிள்ளையள் இருக்கோ என்றார். ஒரு மகள் என்றேன். அவ அப்ப பக்கத்தில நிண்டவவோ என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு நானாகத்தான் அந்தக் காலையை முழுதாகச் சொன்னேன். முன்பின் தெரியாத மனுசிக்குச் சொன்னதை உனக்கு ஒளித்து வைத்திருப்பது சரியில்லை.

அன்று காலை ஒன்பது மணிபோல ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மகளுக்கு எடுக்கட்டோ என்று போனைக் கையில் எடுத்தேன். அங்க இப்ப எத்தினை மணி என்று அம்மா கேட்டார். நடுச்சாமம் என்றேன். பிள்ளை வேலையால வந்து களைச்சுப் படுத்திருப்பாள், எழுப்பாதேங்கோ, அவளுக்கு விடியட்டும் என்றார். நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். உனக்கு விடியுமட்டும் அவர் இருக்கவில்லை. அவர் உன்னை நினைக்காமல் போகவில்லை பிள்ளை, உன் நித்திரையை நினைத்துக்கொண்டுதான் போனார். அவர் சொன்னதைக் கேட்டது நான். உன் கோபம் எவ்வளவு என்றாலும் என்மேல் வை, தாங்குவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குள் தலையை மூடாமல் திரியாதே. கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். இதை வாசித்தவுடன் எனக்கு எடு. இங்கே சாமமோ விடியலோ என்று மணி பார்க்காதே. என்னை எழுப்பு.

என்றும் உன் அப்பா,
சி. புவனேந்திரன்