படம் எடுத்தது யார்

கோயமுத்தூர்,
11-12-99, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் மனோஜ்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இரண்டு கறவை மாடுகளும் சுகம். நீ அங்கே அந்தக் குளிரில் காது மறையத் தொப்பி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று மருதமலையானைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். மேலே தொண்டாமுத்தூர் என்று போடாமல் கோயமுத்தூர் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை சாமி. காந்திபுரத்தில் கேமரா வகுப்பு நடக்கிற மாடிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, காலி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் மூன்று தரம் உட்கார்ந்தேன், மூன்று தரமும் எழுந்துவிட்டேன். ஒரு தரம் மோட்டார் நின்றுபோச்சு, ஒரு தரம் பால்காரர் வந்தார், மூன்றாவது தரம் உன் அப்பா முதுகுக்குப் பின்னால் வந்து நின்று என்ன எழுதறே, கொண்டா நானும் ரெண்டு வரி எழுதறேன் என்றார். போனில் கேட்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் ரிசீவரை அவர்தான் பாய்ந்து எடுக்கிறார், அமெரிக்காவுக்கு ஒயர் இல்லாமலே கேட்கட்டும் என்பது போலக் கத்துகிறார், என்னிடம் கொடுத்துவிட்டு நகராமல் அங்கேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். இதைப் படிக்கும்போது நீயும் தனியாக இரு, ஆபீசில் வைத்துப் பிரிக்காதே.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, கேமராவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆடி மாதம் உன் சிநேகிதன் கையில் நீ கொடுத்தனுப்பிய எஸ்எல்ஆர் கேமராவை அப்பா பார்த்ததுமே, இத்தனை வெலை சாமானம், தண்ணி கிண்ணி பட்டா என்னத்துக்காகும், பீரோல வெச்சுப் பூட்டிப்போடு என்றார். நான் கேட்கவில்லை. என் பெரியப்பா மகள் மாசாணியம்மாள் பேரனுக்குக் காது குத்தினார்களே, அங்கே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் முப்பத்தாறு படம் எடுத்தேன். மாமன் மடியில் குழந்தை அழுதது, பந்தி, எல்லாரையும் நிற்க வைத்து இப்படி நில்லுங்க அப்படி நில்லுங்க என்று ஒரே அதிகாரம். ரோலைக் கழுவக் கொடுத்தால் ஒன்றுமே இல்லை. ஃபிலிமின் நுனி உள்ளே பல்லில் மாட்டவே இல்லையாம், நான் சுற்றியதெல்லாம் வெறும் சுற்று. மாசாணியம்மாள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த ரோஷத்தில்தான் இந்த மூன்று மாத வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மட்டும். கல்யாணப் படம் எடுக்கப் பழகும் பையன்கள் பதினோரு பேர், அப்புறம் நானும், உக்கடத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஹபீபுன்னிசாவும். அவளுக்குத் தான் தைக்கிற ஜாக்கெட் டிசைனை எல்லாம் படம் எடுத்துக் கடையில் ஆல்பம் வைக்க வேண்டுமாம். சொல்லித் தருகிற கந்தப்பன் சாருக்கு உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கும், என்னை அக்கா என்கிறார்.

சிரிக்காதே, ஒன்று சொல்கிறேன். போன மாதம் எல்லாரையும் பேரூர் ஆற்றங்கரைக்குப் படம் எடுக்க வரச் சொன்னார். முதல் நாளே, அங்க வெளிச்சம் கண்ணைக் கூசுமுங்க, ரெண்டு ஸ்டாப் கொறச்சுக்குங்க என்றார். நானும் ஹபீபுன்னிசாவும் பேரூருக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் புழுதியோடு நடந்து போய்ச் சேர்ந்தோம். கண்டக்டர் கூட ஏனுங்க பேரூரு இன்னும் வரலீங்க என்றார், எங்களுக்குத் தெரியுமுங்க சார் சொல்லியிருக்காரு என்று நான் பெருமையாகச் சொன்னேன். கேமராவுக்குள் போகிற வெளிச்சத்தின் அளவுக்கும் ஸ்டாப் என்றுதான் பேராம். பையன்கள் இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் எந்த ஸ்டாப்புல எறங்குனீங்க என்கிறார்கள். சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, இரண்டு வாரமாக இப்படித்தான். முந்தாநாள் ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், அப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

போன மாதக் கடைசியில் நம் தக்காளிக் காட்டுக்குள் யானை வந்து போனது. மூன்று வரிசை போச்சு, ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதே. அதன் கால் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய் சாரிடம் காட்டினேன், மத்தியானம் எடுத்ததில் வெறும் மண்தான் தெரிந்தது. காலையில ஏழு மணிக்கு, வெய்யில் பக்கவாட்டுல அடிக்கறப்ப எடுங்கக்கா என்றார். மறுநாள் எடுத்தேன், ஒவ்வொரு தடமும் அண்டா கவிழ்த்த குழி மாதிரி வந்தது. எந்தப் படத்தைப் பாத்தாலும் மொதல்ல நெழல் எந்தப் பக்கம் உழுகுதுன்னு பாருங்க, வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு தெரியும், புடிச்சவரு எங்க நின்னாருன்னும் தெரியும் என்றார். அந்தப் பாடம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. தீபாவளிக் கடிதத்தோடு நீ நாலு படம் அனுப்பினாயே, அவற்றை வகுப்பில் எல்லாருக்கும் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று பையில் வைத்திருந்தேன். ஹபீபுன்னிசா பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், அந்தச் சிவப்பு இலைப் பூங்காவில் நீ நிற்கிற படத்தில் நிறுத்தி, அக்கா, இது யாரு எடுத்ததுங்க என்றாள். வழியிலே போன ஒரு வெள்ளைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்றுதானே நீ எழுதியிருந்தாய், அதையே சொன்னேன். அவள் கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

உன் காலுக்கு முன்னால் புல்லில் எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது கண்ணு. கேமராவைப் பிடித்த இரண்டு முழங்கையும் தெரிகிறது, காற்றில் பறக்கிற தலைமுடி தெரிகிறது, தோளில் போட்ட துணியின் முனை ஒன்று விரிந்து தெரிகிறது. அது துப்பட்டாவா, குளிருக்குப் போடுகிற சால்வையா என்று தெரியவில்லை. எந்த ஊர், என்ன சாதி, என்ன சாமி கும்பிடுகிறவள் என்பதும் நிழலில் தெரியவில்லை. பொம்பளை என்பது மட்டும் தெரிகிறது. அப்புறம் மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். அடுப்படியில் நீ நிற்பதை ரூமில் கூட இருக்கும் பையன் எடுத்தான் என்றாய், கார் பக்கத்தில் நிற்பதை ஆபீஸ் ஆள் எடுத்தான் என்றாய், நாலாவதை யார் எடுத்தது என்று எழுதவே இல்லை. நாலையும் எடுத்தது ஒரே ஆள்தான். நாலிலும் கேமரா உன் தோள் உயரத்தில் இருக்கிறது, நாலிலும் உன்னை இடது பக்கமாகத் தள்ளி நிறுத்தியிருக்கிறது. வழிப்போக்கரைப் பார்த்து நீ எப்படிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியாதா, பல்லை மட்டும் காட்டுவாய். இந்த நாலிலும் நீ கேமராவைப் பார்க்கவே இல்லை, அதற்கு மேலே இருக்கிற முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாய். நான் பெற்ற பிள்ளை, இந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்னும் தெரியவில்லை. ஃபிலிமே இல்லாத டிஜிட்டல் கேமரா வந்திருக்கிறதாம், எடுத்த நிமிஷமே பின்பக்கத்தில் பார்த்து வேண்டாததை அழித்துவிடலாமாம், சார் ஒரு பத்திரிகையில் படம் காட்டினார், அவரே இன்னும் தொட்டுப் பார்த்ததில்லை. அதை நீ வைத்திருந்தால் இந்தப் பூங்காப் படம் எனக்கு வந்தே இருக்காது. ஃபிலிமில் எடுத்தது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

இத்தோடு இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஐப்பசியில் அப்பா போனில் உன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது நீ உங்க இஷ்டம்ப்பா என்று ஒரு வார்த்தை சொன்னாயே, அதை அப்பா சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நீ அப்படிச் சொன்ன குரல் எனக்கும் கேட்டது. சின்ன வயதில் பாகற்காய்ப் பொரியலை வாயில் அடக்கிக்கொண்டு நல்லாருக்குங்கம்மா என்பாயே, அந்தக் குரல். அப்பாவுக்கு அது கேட்காது, அவருக்கு வார்த்தைதான் கேட்கும். கொடுமுடியில் பெண் வீட்டாரிடம் பேசி முடித்து, தை பன்னிரண்டு புதன்கிழமை நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்வது என்று நாள் குறித்துவிட்டார்கள். நீ நேரில் வரவேண்டியதில்லையாம், வைகாசியில் கல்யாணத்துக்கு வந்தால் போதுமாம். உப்பும் சர்க்கரையும் மாறிவிட்டால் நம் பக்கத்தில் அது பாதிக் கல்யாணம் என்று உனக்கே தெரியும். அதற்கு அப்புறம் நீ ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால் அந்தப் பெண்ணைத்தான் ஊர் பேசும், உன்னை இல்லை, நீ பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருப்பாய்.

அதுவும் போதாதென்று, அவுங்க குடுத்த போட்டோவுல ஸ்டுடியோக்காரன் பூசி மெழுகியிருப்பான், நீதான் இத்தனை படிக்கறயே, நீயே போய்ப் புடிச்சுட்டு வந்து பையனுக்கு அனுப்பு என்று அப்பா என்னையே கொடுமுடிக்கு அனுப்பினார். நிழலைப் பார்த்த பிறகு போனேன், போயிருக்கக் கூடாது. ஆனால் என்ன சொல்லி மறுப்பது. அந்தப் பெண் பேர் கோகிலவாணி, பி.காம். முடித்துவிட்டு ஈரோட்டில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். காவிரிப் படித்துறையில் நிற்க வைத்து எடுத்தேன். இரண்டு படம் எடுத்ததும், ஏனுங்கத்தே, இது அவுங்களுக்குத்தானுங்களே அனுப்பறீங்க, அப்படீன்னா இன்னொண்ணு எடுங்க, இதுல நான் கண்ணை மூடிப்போட்டேனுங்க என்றாள். கேமராவுக்குள் அவள் முகம் நன்றாகத் துலங்கியது. இன்னொன்று எடுத்தேன், அதற்கப்புறமும் ஒன்று எடுத்தேன். ஒரு நல்ல பெண்ணை நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு தரம் பட்டனை அழுத்தும்போதும் தோன்றியது. வரும்போது அவள் அம்மா ஒரு பை நிறைய மஞ்சள் கொடுத்தாள், அது இன்னும் கட்டுப் பிரிக்காமல் சமையல்கட்டில் இருக்கிறது.

அந்தப் படங்களை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். வைக்கவில்லை. பதினைந்து நாளில் படம் வந்துதா என்று உன்னிடம் போனில் கேட்பார், அதற்கு முன்னால் நீ முடிவு செய்ய வேண்டும். நான் பார்த்தது தப்பு, அது யாரோ வழியில் போன பெண் என்றால் அப்படியே எழுது, கொடுமுடிப் படங்களை அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டு மனசார ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்தது சரி என்றால் என்னிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதே, அப்பாவிடம் சொல். எழுதியாவது சொல், போனிலாவது சொல், உங்க இஷ்டம்ப்பா என்று மட்டும் இன்னொரு தரம் சொல்லாதே. அவர் கத்துவார், ரிசீவரை வைத்துவிடுவார், பத்து நாள் சாப்பாட்டில் குறை சொல்வார். கொடுமுடிக்கு நானே நேரில் போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட்டு வருவேன், அதற்குத் தை பிறப்பதற்குள் எனக்கு உன் பதில் வேண்டும். எனக்கு இதெல்லாம் சம்மதம் என்று எழுதினால் அது பொய். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு ஊரில் என்ன சொல்வார்கள், அங்கே இருக்கிறவள் நம் வீட்டுச் சோறு தின்பாளா, நான் பேசினால் அவளுக்குப் புரியுமா என்றெல்லாம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இருக்க எனக்குத் தெரியவில்லை.

பையன்கள் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், வருஷப் பிறப்பன்றைக்கும் வேலை என்றாய், வேலை இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. உன் கேமராவில் முன்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும் பார், அதைத் தள்ளிவிட்டுப் பட்டனை அழுத்தினால் பத்து விநாடி கழித்துத் தானாகவே படம் எடுக்கும், இன்றைக்கு அதுதான் எங்களுக்குப் பாடம். கேமராவை ஒரு மேஜை மேல் வைத்துவிட்டு ஓடிப் போய் அவள் பக்கத்தில் நில், இரண்டு பேரும் இருக்கிற படம் ஒன்று எனக்கு அனுப்பு. அவள் பேரையும் பின்பக்கத்தில் எழுது. இரண்டு வாரமாக நான் மனசுக்குள் எடுத்தவள், எடுத்தவள் என்றே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், கூப்பிட ஒரு பேர் வேண்டாமா. நீயும் அவளும் குறைவில்லாமல் இருக்க மருதமலையான் துணை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. நஞ்சம்மாள்