சுண்டுவிரலில் மை

ஜன. 5, திங்கள்
பனி. பத்து மணிக்கும் வெயில் இல்லை. தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றியாயிற்று. பாப்பா 4.7 கிலோ. காய்ச்சல் இல்லை.

சனிக்கிழமை மெட்ராஸ் டாக்டர் சொன்னது, மறப்பதற்குள்: ஆறு மாதத்திலேயே இறந்துபோன என் பெரியவனுக்கு இருந்த குறையேதான் பாப்பாவுக்கும். நோயை எதிர்க்கும் அணுக்கள் வளரவில்லை. குறை என்னிடமிருந்தும் வந்தது, மாமாவிடமிருந்தும் வந்தது. அத்தை மகனான அவரையே கட்டினேன் அல்லவா. இனி என் வயிற்றை மட்டும் யாரும் பேச வேண்டாம்.

வழி: வெளிநாட்டில் ஒரு குழு. பாப்பாவின் எலும்பு மஜ்ஜையையே எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்து, திரும்ப உள்ளே செலுத்துவார்கள். முன்பெல்லாம் அது சரியாக நிலைக்கவில்லையாம். இப்போது முதலில் மருந்து கொடுத்து எலும்புக்குள் கொஞ்சம் இடம் காலி பண்ணுகிறார்கள். நடவுக்கு முன் சேறடிப்பது மாதிரியா என்றேன். டாக்டர் சிரித்து, ஆமாம் என்றார்.

அந்தக் குழு கேட்பது:
- எடை 5 கிலோ
- தொற்று கூடாது, கூட்டம் கூடாது
- போலியோ சொட்டு கூடவே கூடாது. அதில் உயிருள்ள கிருமி. இவளுக்கு ஆபத்து. (டாக்டர் கடிதம் பையில்)

கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடமாட்டேன்.

ஜன. 8, வியாழன்
நர்ஸக்கா வந்தார். ஞாயிறு சொட்டு மருந்து, பள்ளிக்கூடத்தில். வேண்டாம் என்றேன்.

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு நீயே இப்டி பேசிக்கினு கீற?"

கடிதம் கொடுத்தேன். முழுக்க இங்கிலீஷ். இங்குள்ள ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுவதாக எடுத்துப் போனார்.

அத்தைக்கு முகமே சரியில்லை. "ஊரு புள்ளைக்கெல்லாம் போடறாங்க. இதுக்கு மட்டும் இன்னா?" நான் துணி மடித்தேன்.

சோப்பு தீர்ந்துவிட்டது. இரண்டு வாங்க வேண்டும்.

ஜன. 11, ஞாயிறு
மாமா நெல் மூட்டை ஏற்றப் போயிருந்தார். நான் மோட்டார் கொட்டகையில் துணி அலசித் திரும்பினால் தூளி காலி. எதிரே அத்தை, இடுப்பில் பாப்பா. சுண்டுவிரலில் கறுப்பு மை.

"போட்டாச்சி. இனிமே கால் வெளங்காம பூடாது."

பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

நர்ஸக்கா என்னைப் பார்த்ததும், "குந்தும்மா. போடல."

கடிதத்தை ஆஸ்பத்திரி டாக்டர் படித்து, போடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். "உங்க அத்த கிட்ட எவ்ளோ சொல்லியும் கேக்கல. வேற பூத்துக்குத் தூக்கினு பூடும்னுதான் காலி குப்பிய வாயாண்ட காட்டிட்டு மைய வெச்சி அனுப்பினேன்."

அங்கேயே அழுதேன். பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தன.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாம் சொன்னேன், சேறடிப்பது உட்பட. அத்தை பாப்பாவின் காலைத் தடவினாள்.

"போலியோவுல உங்கப்பன் கால் சூம்பிப் போனப்ப, அக்காக்காரி நான்தான்டி இடுப்புல வெச்சி பள்ளிக்கூடத்துக்குத் தூக்கினு போனேன். இத எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?"

டாக்டரோடு பேசினேன், மாமாவிடம் சொன்னேன், இந்த நோட்டில் எழுதினேன். அத்தையை உட்காரவைத்துச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

ஜன. 12
பாப்பா அத்தனை பிள்ளைகள் நடுவே போய் வந்திருக்கிறாள். நாலு மணி நேரத்துக்கொரு தரம் தெர்மாமீட்டர். 98.4. 98.6. 98.4.

ஜன. 16, வெள்ளி
மாட்டுப் பொங்கல். மானாம்பதியிலிருந்து நாத்தனாரும் பிள்ளைகளும். அத்தை வாசலிலேயே மறித்துவிட்டாள். பெற்ற மகளையே.

"கைகால் கழுவினாலும் உள்ள வுட மாட்டேன். பாக்கணும்னா ஜன்னலாண்ட நில்லு."

நாத்தனார் கோபித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

காய்ச்சல் இல்லை. மை பாதி அழிந்துவிட்டது. நர்ஸக்காவின் தராசில் 4.9. முள்ளைக் குனிந்து பார்த்த அத்தை, "இன்னும் நூறு கிராம்தான்டி" என்றாள்.