ஆட்டு ரத்தம் திரண்ட நாள்

இன்று ஞாயிறு பூசை முடிந்து கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அலுமினியச் சட்டியில் செம்மறி ரத்தத்தைப் பிடித்து வைத்திருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கறி வாங்காமலே வீடு திரும்பி உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பெண்ணான என்னை நினைக்க உனக்கு வேறு நல்ல வாசனையே கிடைக்கவில்லையா என்று கேட்பாய். கேள், கேள்.

எழுபதுகளில் புத்தூரில் நம் லேபில் நாம் இரண்டு பேர்தான். கண்ணாடி மணிகள் போட்ட புட்டியில் ஆட்டு ரத்தம் வாங்கி, உறையாமல் குலுக்கிக்கொண்டே வருவது என் வேலை. அதை உப்புநீரில் கழுவிச் சிவப்பணுக்களை எடுப்பது உன் வேலை. "ஆத்துல இது தெரிஞ்சா என்னை வாசல்லயே நிறுத்திக் குளிப்பாட்டிடுவா" என்று சிரிப்பாய்.

கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சல் விடாமல் அடிப்பவர்களுக்குத்தான் அந்தச் சோதனை. அவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தில் ஆட்டு அணுக்கள் திரண்டால் வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விடும். திரளாவிட்டால் நெறியை வெட்டியெடுத்துப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். ஆனால் குதிரை சீரத்தில் செய்த டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் திரண்டு நம்மை ஏமாற்றும். அதனால் ரத்தம் எடுக்குமுன் ஊசியைப் பற்றிக் கேட்பது நம் வழக்கம். என்னைவிட நீதான் கறாராகக் கேட்பாய்.

பிறகு உன் கழுத்திலேயே நெறி கட்டியது. தை மாதம் உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரத்தம் எடுக்குமுன் வழக்கப்படி கேட்டேன்.

"டெட்டனஸ் ஊசி ஏதாவது போட்டியா?"

"என்னையே கேக்கறியா? இல்லடி."

அன்று நீ கொஞ்சம் நொண்டினாய். செருப்புக் கடி என்றாய், நம்பினேன்.

மறுநாள் உன் சீரம் கலந்த சோதனைக் குழாய்களைத் தட்டிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் திரண்டிருந்தது. "வைரஸ்தான்!" என்று உன்னைக் கட்டிக்கொண்டேன். டாக்டரும் வெட்ட வேண்டாம் என்றுவிட்டார். நீ மட்டும் குழாய்களை இன்னொரு தரம் பார்த்தாய். சந்தோஷத்தில் பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

தை வந்தது, கல்யாணம் நடக்கவில்லை. நெறி அக்குளுக்கும் பரவி, நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். நான் கஞ்சி ஊட்டும்போது சொன்னாய்:

"கால்ல ஆணி குத்தி ஊசி போட்டுண்டேன்டி. சொன்னா கழுத்தை வெட்டுவா. தழும்போட மணையில எப்படி உக்கார்றது? வைரஸாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அன்றே வெட்டிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். தெரியாதும்மா என்றார். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது? பட்டப்பகலில் குழாயைத் தட்டும்போதுகூட, பக்கத்தில் நீ குனிந்து பார்ப்பது போலிருக்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

லேபில் இப்போதும் அதே மேசைதான். நெறி கட்டி வருபவர்களிடம் ஊசியைப் பற்றிக் கேட்கிறேன். "இல்லீங்க" என்கிறார்கள்.

"சரி, உள்ளங்காலைக் காட்டுங்க."

"கழுத்துக்கு வந்தா காலைக் கேக்குறீங்களே!" என்று சிரிக்கிறார்கள். இரண்டு காலையும் பார்த்த பிறகுதான் ரத்தம் எடுக்க நான் கையைத் தொடுகிறேன்.